உங்களுக்குத் தெரியுமா? ஆய்லர் பிடித்த பகா எண்

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் கிடைப்பது 2,14,74,83,647. இது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் பகா எண்.

இப்படிக் கிடைக்கும் விடை பகா எண்ணாக வர, பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 31-க்குப் பதில் 11 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் 2047, 23 × 89 என்று உடைந்துவிடும்.

31-இன் கணக்கை 1772-இல் முடித்துவைத்தவர் கணித மேதை லெயோனார்டு ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்டப் போயிருந்தது. எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க அவர் மெனக்கெடவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும். அதனால் அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டிய 46,340 வரை தேடினாலும் அதிகபட்சம் 372 வகுத்தல்களே தேவைப்பட்டன. ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை.

குறியுடன் கூடிய 32 பிட் முறையில் கணினி சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இந்த 2,14,74,83,647-தான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண் வரும். அடுத்த நொடியே தேதி 1901 டிசம்பருக்குத் தாவும். 64 பிட்டில் நேரத்தைக் கணக்கிடும் கணினிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.