சொல் நீங்கிய இசை: ‘சொஃப்ற் மெஷின்’ குழுவும் கூட்டுப் படைப்பின் முரண்பாடும்

இசையின் சமூகக் கருத்தைப் பாடலின் சொற்களிலே தேடுவது இலக்கிய மாணவராகிய எம்மிடையே பெருவழக்காகும். சொற்களே இல்லாத இசையில் அக்கருத்து எங்ஙனம் உறைகின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு, இங்கிலாந்தின் கன்ரபரி நகர்ச் சூழலிலிருந்து 1966இல் தோன்றிய ‘சொஃப்ற் மெஷின்’ என்னும் றொக் இசைக்குழு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இக்குழு தொடக்கத்திற் பாடல்களையே இசைத்தது. 1968இல் ஜிமி ஹென்ட்றிக்ஸின் குழுவுடன் அமெரிக்காவிற் சுற்றுப்பயணஞ் செய்தது. 1970இல் வெளிவந்த ‘தேர்ட்’ என்னும் இரட்டை இசைத்தட்டில் நான்கு ஆக்கங்களே உள்ளன; ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்புகின்றது. அவற்றுள் ஒன்றே பாடப்படுவது. 1971இல் வந்த ‘ஃபோர்த்’ இசைத்தட்டிலோ குரல் முற்றாக நீங்கிவிட்டது. மூன்று நிமிடப் பாடலை விற்பனை அலகாகக் கொண்ட சந்தைக்கு இவ்வடிவம் எளிதில் அடங்குவதன்று.

இவ்விசையின் தனித்தன்மையை அதன் உற்பத்திக் கருவியிலிருந்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். மைக் றற்லிஜ் வாசித்த லௌறி ஓகன், இல்லங்களின் வரவேற்பறைகளை நோக்கிச் செய்யப்பட்ட அமெரிக்கக் கருவிகளுள் ஒன்று. கிற்றார்க் கலைஞர் கையாளும் ஒலிச்சிதைப்புக் கருவியை அதனுடன் இணைத்து, உரத்த ஒலிபெருக்கியினூடாக அவர் வாசித்தார். இதனால் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. விசைகளிலிருந்து விரல்களை எடுத்ததும் கருவி தானாகவே ஊளையிடத் தொடங்கும். எனவே இடைவெளியின்றி வாசிப்பது கட்டாயமாயிற்று. அவருக்கே உரிய நடையெனப் போற்றப்படும் நீண்ட, மூச்சுவிடாத இசைத்தொடர்கள் இவ்வாறே உருப்பெற்றன. மேதையின் அகத்தூண்டல் என்று கருதப்படுவது, உண்மையில் மனித உழைப்பும் கருவியின் எதிர்ப்பும் சந்தித்த இடத்தில் பிறந்த வடிவமாகும்.

அடுத்து நோக்கற்பாலது உடனுக்குடன் கற்பனை செய்து இசைக்கும் முறை. முன்னரே அமைந்த இசைத்தொடரொன்றை ஹியூ ஹொப்பரின் பேஸ் கிற்றார் திரும்பத் திரும்ப இசைத்துத் தளமமைக்க, எல்ரன் டீனின் சக்சபோனும் றற்லிஜின் ஓகனும் அதன்மீது விரிந்து செல்லும். றொபேட் வயற்றின் முரசு அவற்றை எதிர்கொண்டு திசைதிருப்பும். ஒருவரது அடுத்த கணம் மற்றவரது இக்கணத்தைச் சார்ந்திருக்கின்றது. இது கூட்டுழைப்பின் வடிவம். எனினும் சட்டம் இதனைக் கூட்டுழைப்பாக ஏற்பதில்லை. ‘ஃபேஸ்லிஃப்ற்’ என்னும் ஆக்கம் மேடை நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டி அமைக்கப்பட்டது. அதன் ஆக்கியோராகக் குறிக்கப்படுபவர் ஹொப்பர் ஒருவரே. பண்டமாக மாறும் கணத்திலேயே கூட்டுப்படைப்பு தனியுடைமையாகின்றது.

முரண்பாடு குழுவினுள்ளும் நிலவியது. பாடப்பட்ட அந்த ஓர் ஆக்கமான ‘மூன் இன் ஜூன்’ வயற்றினுடையது. ஏனையோர் அதில் ஆர்வங் காட்டாமையால் அதன் பெரும்பகுதியை அவரே தனித்துப் பாடி, வாசித்துப் பதிவுசெய்தார். 1970 ஓகஸ்ட் 13இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தின் ‘புரொம்ஸ்’ இசைவிழாவில் இக்குழு இசைத்தது. செவ்வியல் இசையின் அவ்வரங்கில் அங்கீகாரங் கிடைத்த மறு ஆண்டிலேயே வயற் குழுவை விட்டு நீங்கினார். விடுதலையான இசை தன் பாடகனுக்கு இடமளிக்கவில்லை. பின்னர் அவர் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். போக்லண்ட் போர் நிகழ்ந்த 1982இல், கப்பல் கட்டுந் துறைக்கு வேலை கொணரும் போரே அத்துறைத் தொழிலாளரின் மைந்தரைப் பலிகொள்ளும் அவலத்தைப் பொருளாகக் கொண்ட ‘ஷிப்பில்டிங்’ பாடலைப் பாடினார்.

இதனைக் கொண்டு சொல்லுள்ள இசை முற்போக்கானது, சொல்லற்றது பிற்போக்கானது என முடிவுகட்டுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். கூட்டாகச் சிந்தித்துக் கூட்டாக உழைப்பது சாத்தியமே என்பதை அச்சொல்லற்ற இசை கேட்போர் செவிக்கு உணர்த்தியது. அச்சாத்தியத்தை யாருக்காக, எதற்காகப் பயன்படுத்துவது என்பதை அதனாற் கூற இயலவில்லை. அக்கால ஓகன்கள் இன்று அரும்பொருள்களாகச் சேகரிக்கப்படுகின்றன. கருவியைப் பேணுவோர் பலர். அதனைச் சூழ்ந்து ஒருகால் நிலவிய உழைப்புறவை மீட்டெடுத்தலே எஞ்சியுள்ள பணி என்பது எமது கருத்தாகும்.