காளானை அடையாளம் காட்டும் நான்கு எழுத்துகள்

மழை விட்ட மறுநாள் தோட்டத்துப் பிள்ளைகள் காளான் பறித்து வருவதுண்டு. நாமும் சிறு வயதில் பறித்தவர்கள்தாம். ஆனால் நல்லது எது, நஞ்சு எது என்று கண் மட்டுமே சொல்லிவிடுமா?

புல்தரையில் குடைபோல் விரியும் வெள்ளைக் காளான் ஒன்று உண்டு. குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இளமையில் அதன் அடிப்புற மடிப்புகள் வெண்மையாக இருக்கும். உண்ணத்தக்க காளான் போலவே தோன்றும். முற்றிய பிறகே பச்சை தட்டும். உண்டவர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

கண் ஏமாறும் இடத்தில் அறிவியலாளர்கள் டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். உயிரணுவில் உள்ள இந்த நீண்ட இழையில் நான்கே வகை வேதி எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. காளானின் சிறு துண்டிலிருந்து இழையைப் பிரித்தெடுத்து, ஐ.டி.எஸ். எனும் பகுதியைப் பல படிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை முன்பே சேர்த்துவைத்த வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். இவ்வரிசை பெரும்பாலும் இனத்துக்கு இனம் வேறுபடும். கடையில் பால் டின்னுக்கு ஒரு கோட்டுக்குறி, பிஸ்கட்டுக்கு வேறொன்று இருப்பது போல.

2014-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள், லண்டன் கடையொன்றில் வாங்கிய உலர்ந்த சீனக் காளான் பொட்டலத்திலிருந்து 15 துண்டுகளைச் சோதித்தார்கள். அதுவரை அறிவியல் பெயரே இல்லாத 3 இனங்கள் அதில் இருந்தன!

நம் வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லை. ஆகவே, அறியாத காளானைச் சமைக்காதீர்கள். வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நஞ்சில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். யாரேனும் தின்றுவிட்டால், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த மீதியே மருத்துவருக்குத் துணை செய்யும்.