அருவிக் குளியலும் மனமும்

சுருளி அருவியில் தலையைக் கொடுப்பவர் எவராயினும் முதலில் செய்வது ஒன்றுதான். 'ஆ' என்று வாயைத் திறந்து மூச்சை உள்ளிழுக்கின்றனர். அடுத்து ஒரு கூச்சல், பின்பு சிரிப்பு. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலும் அப்படியே. கரையேறியவர்களின் முகத்தைக் கண்டால், கொண்டு வந்த கவலையை நீரோடு விட்டுவிட்டார்களோ என்று தோன்றும். இதில் உண்மை எவ்வளவு?

நம் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகள் ஏராளம். அவை யாவும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்புவதால் மூச்சு இரைக்கிறது, இதயம் படபடக்கிறது. இவ்வதிர்ச்சி அரை நிமிடத்தில் உச்சத்தை எட்டி, இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும். அவ்வேளையில் நார்அட்ரினலின் என்னும் பொருள் இரத்தத்தில் பெருகி, விழிப்பையும் கவனத்தையும் தூண்டுகிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், 14 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்தவர்களுக்கு அது ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்ததாம். நம் அருவியில் அவ்வளவு நேரம் நிற்க, பின்னால் இருப்பவர்கள் விடமாட்டார்கள்!

குளிர்ந்த நீரைச் சிகிச்சையாகப் பரப்பியவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குருவான செபாஸ்டியன் க்னைப் (1821–1897). ஜெர்மனியில் மாணவராயிருந்தபோது நுரையீரல் நோயுற்ற அவர், 1849-இல் குளிர்காலத் தானூபு ஆற்றில் சில விநாடிகள் மூழ்கி எழுவதை வழக்கமாக்கினார், நலமும் பெற்றார். நீர்தான் நோயைப் போக்கியது என்று இன்றைய மருத்துவர்கள் ஒப்பமாட்டார்கள்.

மனத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. மனச்சோர்வுற்ற 24 வயதுப் பெண் ஒருவர் வாரந்தோறும் குளிர்ந்த நீரில் நீந்தி, படிப்படியாக மருந்தைக் குறைத்து நிறுத்திய செய்தி 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அது ஒருவர் கதை. குளிரால் வந்த நன்மையா, நீச்சலாலா, புதிய முயற்சி தந்த ஊக்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது. சுருளியிலும் பாதி மகிழ்ச்சி தோழியராலும் புளிச்சாதப் பொட்டலத்தாலும் வருவதே என்பது நம் எண்ணம்.

ஆகவே, வாரக்கணக்கில் சரியாக உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் வாடும் தோழியிடம், "நன்றாக ஒரு குளியல் போடு, சரியாகிவிடும்" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடக் கூடாது. அது நோயாக இருக்கலாம். ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ உடனே சொல்ல வேண்டும். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். 2022 முதல் இச்சேவை நடக்கிறது.

குளிக்கப் போகிறவர்கள் முதலில் கால், பிறகு கை, பிறகு தோள் என்று நனைத்துப் பழகட்டும். அந்த முதல் 'ஆ' நீருக்குள் நேர்ந்தால் மூச்சுக்குழலில் நீர் புகும். எனவே கசத்தில் குதித்தல் ஆகாது. இதய நோய், வலிப்பு, இழுப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். மேகமலையில் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே சுருளியில் வெள்ளம் வரும். வனத்துறையினர் வழியை மறித்த நாளில், பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.