வளாகத்தில் வழி தேரும் ஓட்டம்

பழக்கமில்லாத நிலத்தில், நிலப்படத்தையும் திசைகாட்டியையும் துணையாகக் கொண்டு, குறிக்கப்பட்ட இடங்களை வரிசை தவறாது அடைந்து, குறைந்த நேரத்தில் மீள்வது ஓரியண்டியரிங் என்னும் விளையாட்டாகும். வழி தேரும் ஓட்டம் என இதனைத் தமிழிற் கூறலாம். ஸ்வீடன் நாட்டுப் படைப் பயிற்சியினின்று தோன்றிய இது, 1897-ஆம் ஆண்டில் நார்வேயில் முதன்முறையாகப் பொதுமக்களுக்கென நடத்தப்பட்டது. நெடுங்காலம் காடுகளுக்கே உரியதாயிருந்தது. 2001-இல் உலகப் போட்டிகளில் குறுந்தொலைவு ஓட்டம் சேர்க்கப்பட்ட பின்னர், நகர வீதிகளும் பல்கலைக்கழக வளாகங்களும் இதற்குரிய களங்களாக மிகுதியும் பயன்படலாயின.

மும்பையின் மாட்டுங்காப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1887-இல் நிறுவப்பெற்று 1923-இல் இங்கு இடம் பெயர்ந்த வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகமும், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய வேதியியல் தொழில்நுட்பக் கழகமும் இங்கு உள்ளன. பட்டறைகளும் ஆய்வுக்கூடங்களும் மதில்களும் நெருங்கிய இத்தகைய வளாகத்தில் மாணாக்கரை ஓடவிட எண்ணும் ஆசிரியர், முதலில் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். இங்குத் திசைகாட்டி முழு நம்பிக்கைக்கு உரியதன்று.

மும்பையில் காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகையினும் குறைவே. எனவே குற்றம் பூமியினுடையதன்று. கட்டடத்தினுள் புதைந்த இரும்புக் கம்பி, பட்டறை இயந்திரம், நிறுத்தி வைத்த மோட்டார் வண்டி ஆகியவை அருகிலுள்ள காந்த ஊசியைத் தம்பால் ஈர்க்கின்றன. ஊசி 10 பாகை விலகினால், 200 மீட்டர் சென்றவன் ஏறத்தாழ 35 மீட்டர் தவறிய இடத்தில் நிற்பான். காட்டில் அது ஒரு மரம் தள்ளி நிற்பது போன்றது. வளாகத்திலோ வேறொரு கட்டடத்தின் பின்புறம்.

இவ்விடரை இந்நகரமே முன்னர்க் கண்டதுண்டு. கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் பூமியின் காந்தப் புலம் அளக்கப்பட்டு வந்தது. பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் ஓடவிருந்தமையால், அளவைகள் கெடும் என அஞ்சி, 1904-இல் அலிபாகில் புதிய ஆய்வகம் நிறுவினர். காந்தத்தன்மையற்ற கல்லைத் தேர்ந்தெடுத்தே அங்குக் கட்டடம் எழுப்பினர். ஈரிடங்களிலும் 1906 வரை ஒருங்கே அளந்து, கணக்கு அறுபடாமற் காத்தனர். டிராம்கள் 1907-இல் ஓடத் தொடங்கின. ஓர் ஆய்வகமே கடலைக் கடந்து ஒதுங்கியதென்றால், பள்ளிச் சிறுவன் கையிலுள்ள சிறு ஊசியைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ!

ஆகவே ஓடுவோன் நிலப்படத்தையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும். கண்முன் உள்ள சுவரும் பாதையும் படத்திலுள்ள கோடுகளுக்கு இணையாக அமையுமாறு படத்தைத் திருப்பிப் பிடிப்பதே முதற் பயிற்சி. தான் நிற்கும் இடத்தில் கட்டை விரலை வைத்து, நகருந்தோறும் அதனையும் நகர்த்திச் செல்வது இரண்டாவது. குறுந்தொலைவுப் படம் பெரும்பாலும் 1:4000 அளவில் வரையப்படும். அதில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 40 மீட்டர். நூறு மீட்டருக்குத் தன் காலடி எத்தனை என முன்னரே எண்ணி வைத்தவன் தடுமாறுவதில்லை. குறியிடங்களை இணைக்கும் நேர்கோடு வரிசையை மட்டுமே உணர்த்தும். வழியைத் தேர்வது ஓடுவோன் பொறுப்பு. தடித்த கருங்கோட்டால் காட்டிய மதிலை, ஏறக்கூடியதாயினும், தாண்டலாகாது. தாண்டியவர் போட்டியினின்று நீக்கப்படுவர்.

பாதை அமைக்கும் ஆசிரியர், கழகத்தாரின் இசைவு பெற்று, வாகனம் செல்லும் சாலையைக் கடக்க நேராதவாறும், ஆய்வுக்கூட வாயில்கள் விலகியிருக்குமாறும் குறியிடங்களைத் தேர்தல் நன்று. வெள்ளையும் செம்மஞ்சளுமான கொடியை ஒளித்து வைத்தல் தவறு. இது புதையல் தேடும் ஆட்டமன்று. ஒருவரையொருவர் பின்தொடராதிருக்க, இடைவெளி விட்டு ஓட்டுவர். ஓட்டத்தை இடையில் விட்டவரும் முடிவிடத்திற்கு வந்து பெயர் கொடுத்தே செல்லல் வேண்டும். புறப்பட்டோர் தொகையும் மீண்டோர் தொகையும் ஒத்த பின்னரே கொடிகளை அவிழ்க்கலாம்.