வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு எந்தக் கத்தி?

கடந்த நத்தாருக்கு மட்டக்குளியில் எங்கள் வீட்டில் முழுக் கோழி ஒன்றை ஒவனில் வாட்டினோம். நிறமும் மணமும் நன்றாகவே வந்தன. வெட்டத் தொடங்கியதும்தான் பிரச்சினை. அம்மா வழக்கமாக மீன் வெட்டும் மன்னாக் கத்தியை எடுத்துத் தந்தார். நெஞ்சுப் பகுதி துண்டாக வரவில்லை, நார்நாராகக் கிழிந்தது. தோல் தனியாகக் கழன்றது. கொஞ்சம் அழுத்தினேன், கத்தி வழுக்கி இடது பெருவிரலில் இறங்கியது. மூன்று தையல்.

புது வருடம் பிறந்ததும் புறக்கோட்டையில் ஒரு கடையில் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த 'கார்விங் செற்' ஒன்றை வாங்கினேன். நீளக் கத்தி, இரண்டு பல் முள்ளுக்கரண்டி, தீட்டும் கம்பி. உயிர்த்த ஞாயிறுக்கு வெளியே எடுத்தபோது பிடிக்கும் இரும்புக்கும் இடையில் துரு ஏறியிருந்தது. பெரிதாகக் கூரும் இல்லை. இதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஆறுதலாக விசாரிக்கத் தொடங்கினேன்.

மன்னாக் கத்தியில் பிழை இல்லை. எலும்பையும் மீன் தலையையும் தேங்காயையும் அடித்து உடைப்பதற்காக அதன் முதுகு தடிப்பாகவும் எடை கூடவாகவும் செய்யப்படுகிறது. வெந்த இறைச்சிக்குள் அது ஆப்பு மாதிரி இறங்கி, இரண்டு பக்கத்தையும் தள்ளிப் பிளக்கிறது. வாட்டிய இறைச்சியை அடிக்கவோ அழுத்தவோ தேவையில்லை. கத்தியை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். அதற்கு மெல்லிய தகடு வேண்டும். முதுகுப் பக்கம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் போதும். கடையில் கத்தியை மூக்குக்கு நேரே பிடித்து முதுகு வழியாகப் பாருங்கள். பிடியிலிருந்து முனை வரை, முதுகிலிருந்து வாய் வரை படிப்படியாக மெலிந்து போக வேண்டும். எல்லா இடமும் ஒரே தடிப்பாக இருந்து, வாய்ப்பகுதி மட்டும் அவசரமாகத் தேய்க்கப்பட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கார்விங் கத்தி என்று விற்பவை பெரும்பாலும் 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளமானவை. முழு வான்கோழிக்கும் பெரிய ஆட்டுத் தொடைக்கும் நீளம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கோழிக்கு 20 சென்ரிமீற்றர், அதாவது எட்டு அங்குலம், தாராளம். அந்த அளவில் மெல்லிய சாதாரண குசினிக் கத்தி ஒன்றை வாங்கினால் மற்ற நாட்களில் வெங்காயமும் கோவாவும் வெட்டலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதைக் கண்ட குடும்பங்களுக்கு, வருடத்தில் இரண்டு நாள் மட்டும் வேலை செய்யும் சாமான் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

சும்மா வைத்திருப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. மட்டக்குளி களனி ஆறு கடலில் சேரும் இடம். எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே உப்புக் காற்றின் வேலை தெரியும். துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்வதில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் இருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலமாகி இரும்பைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை இடையிடையே துளைத்துவிடும். அதனால்தான் 'சில்வர்' கத்தியிலும் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது. தினமும் கழுவித் துடைக்கும் கத்தி தப்பிவிடும். ஈரத்தோடு பெட்டிக்குள் போனது தப்பாது. என்னுடையது தப்பவில்லை.

பிராண்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சுவிற்சர்லாந்தின் விக்டோறினொக்ஸ், பிரேசிலின் ட்றமொன்ரினா போன்றவற்றின் பிளாஸ்ரிக் பிடிக் கத்திகளில் பல, அடித்து வார்க்காமல் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. விலை குறைவதற்கு அதுவே ஒரு காரணம். வேலைக்கு அதனால் குறைவில்லை. மரப்பிடி அழகு. ஆனால் ஆணிகளைச் சுற்றி நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அழுக்கும் ஈரமும் அங்கேதான் தங்கும்.

கத்தியில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைஸாகவும் உள்ளது போதும். கல்லை நனைத்து, கத்தியை 15 முதல் 20 பாகை சரிவில் பிடித்து, இரண்டு பக்கமும் சம அளவு தேய்க்க வேண்டும். பத்திரிகைத் தாளைக் கிழிக்காமல் வெட்டினால் கூர் வந்துவிட்டது. செற்றோடு வரும் கம்பி மழுங்கிய கத்திக்குக் கூர் வைக்காது, வளைந்த வாயை நிமிர்த்தும், அவ்வளவே. என் விரலை வெட்டியதும் மழுங்கிய கத்திதான். கூர் இருந்திருந்தால் அழுத்தியிருக்கவே மாட்டேன்.

முனை பற்றியும் ஒரு சொல். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கானவைக்கு விலக்கு என்றார்கள். ஆனாலும் தேடுதல் நடந்த அந்த நாட்களில், லாச்சியைத் திறந்து எது அன்றாடக் கத்தி, எது பெரிய கத்தி என்று நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் அவசர சிகிச்சை மருத்துவர்கள், நீண்ட கூர்முனைக் குசினிக் கத்திகளின் விற்பனையையே தடைசெய்யச் சொல்லி எழுதினார்கள். சமையலுக்கு அந்த முனை அத்தியாவசியமில்லை என்பது அவர்களின் வாதம். தடை வேண்டுமா என்பது வேறு விவாதம். துண்டு போடுவதற்கு முனை வேலை செய்வதில்லை என்பது உண்மை. மூட்டைப் பிரிக்கச் சின்னக் கத்தி போதும். பிள்ளைகள் ஓடித் திரியும் சிறிய வீட்டுக்கு முனை மழுங்கியதே நல்லது.

எதுவுமே வாங்க மனமில்லையா? பாண் வெட்டும் பல்லுக் கத்தியைப் பாவியுங்கள். துண்டின் முகம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது.

கோழியை வெளியே எடுத்ததும் 15 நிமிடம் விடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில்தான் நிற்கும். பலகைக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்தால் அது நகராது. முதலில் தொடைகளை மூட்டில் பிரித்தெடுங்கள். பிறகு நெஞ்சை எலும்பிலிருந்து முழுதாகக் கழற்றி, நாருக்குக் குறுக்கே துண்டு போடுங்கள். இந்த உயிர்த்த ஞாயிறுக்கு நான் அப்படித்தான் வெட்டினேன், பாண் கத்தியால். துருப்பிடித்த செற் இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது.