எதிரியின் பாஷை தெரிந்த பட்டாளம்

பெற்றோரை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறது ஒரு சர்க்கார். அதே சர்க்காருக்காகப் பிள்ளை காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போகிறான். கதையில் எழுதினால், "இப்படியும் நடக்குமா, ஸார்?" என்று கேட்பீர்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் நடந்தது இது.

ஜப்பானோடு சண்டை வரும் போலிருக்கிறதென்று 1941-ல் அமெரிக்க ராணுவம் விழித்துக் கொண்டது. ஜப்பானிய பாஷை தெரிந்த ஆள் வேண்டுமே! பட்டாளத்தில் ஏற்கெனவே இருந்த ஜப்பானிய வம்சத்து இளைஞர்கள் 3,700 பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். சரளமாகத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான்! மற்றவர்கள் அசல் அமெரிக்கப் பிள்ளைகளாகவே வளர்ந்துவிட்டார்கள்.

அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பழைய விமானக் கொட்டகையில் ரகசியப் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. மாணவர்கள் 60 பேர். ஆரஞ்சுப் பழப் பெட்டிகளே ஆசனம். தலைமை ஆசிரியராக வாய்த்த ஜான் ஐஸோ, ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அதுவரை அவரை மோட்டார் வண்டி ரிப்பேருக்குப் போட்டு வைத்திருந்தது ராணுவம்! (எந்த ஊர் ராணுவமும் இப்படித்தானோ என்னவோ?)

ஐந்து வாரத்தில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேர், கடை கண்ணியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள்! மேற்குக் கரையில் இருக்க முடியாமல் பள்ளிக்கூடமும் மின்னஸோட்டாவுக்கு மூட்டை கட்டியது. அங்கிருந்து அதிகாரிகள் அந்த முகாம்களுக்கே ஆள் எடுக்கப் போனார்கள். என்ன துணிச்சல், பாருங்கள்! ஆனாலும் இளைஞர்கள் வந்தார்கள். 1946-க்குள் ஏறக்குறைய 6,000 பேர் படித்துத் தேறினார்கள்.

அவர்களுக்கு என்ன வேலை? ஜப்பானியச் சிப்பாய்களுக்கு டைரி எழுதும் வழக்கம் உண்டு. தங்கள் எழுத்தை எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியம்! செத்தவன் பையிலிருந்த டைரியே எதிரிப் படையின் பலத்தையும் பசியையும் சொல்லிவிடும். கைதியிடம் அதட்டலைவிட ஒரு சிகரெட்டும் நாலு நல்ல வார்த்தையும் அதிகம் பலித்தன. போர்முனையில் இவர்களுக்கு மெய்காப்பாளன் உண்டு. முகத்தைப் பார்த்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதல்லவா?

இவர்களில் 14 பேர், 'மெரில்ஸ் மராடர்ஸ்' என்ற படையோடு பம்பாயில் வந்திறங்கி, நம் மத்திய இந்தியாவில் பயிற்சி பெற்று, பர்மாக் காட்டுக்குள் புகுந்தார்கள். ராய் மட்ஸுமோட்டோ அவர்களில் ஒருவர். ஆர்கன்ஸாஸ் முகாமிலிருந்து வந்தவர். ஜப்பானில் அவர் சகோதரர்கள் எதிரிப் படையில்!

1944 ஏப்ரல். நும்பும் கா என்ற மலைக் கிராமத்தில் படை முற்றுகைக்குள் அகப்பட்டுக் கொண்டது. நள்ளிரவில் மட்ஸுமோட்டோ தன்னந்தனியாகத் தவழ்ந்து எதிரியின் பக்கம் போனார். இருட்டில் பேசிக் கொண்டிருந்தவர்கள் கியூஷூ கொச்சையில் பேசினார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் மளிகைக் கடையில் வேலை பார்த்த நாளில் காதில் விழுந்து பழகிய கொச்சை அது! விடியற்காலையில் எந்தப் பக்கம் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கக் குழிகளைக் காலி செய்து, வெடிகளைப் பதித்துவிட்டு மேலே காத்திருந்தார்கள். முதல் வரிசை வந்து விழுந்தது. பின்னால் வந்தவர்கள் தயங்கினார்கள். மட்ஸுமோட்டோ எழுந்து நின்று, ஜப்பானிய அதிகாரியைப் போல, "பாயுங்கள்!" என்று அவர்கள் பாஷையிலேயே கர்ஜித்தார். பாய்ந்தார்கள்! அன்று எண்ணப்பட்ட சடலங்கள் 54.

யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று கட்டளை. 1970-களில்தான் ரகசியம் வெளிவந்தது. முகாம்களுக்காகச் சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது 1988-ல். அதைக் காணாமலே கண்மூடிய தாய் தகப்பன்மார் எத்தனையோ பேர். மட்ஸுமோட்டோ கண்டார், 2014-ல் தமது நூறாவது வயதில்தான் காலமானார்.