காலாண்டு என்று ஒரு சொல்

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களுக்குத் திகதியின் அருமை தெரியும். சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடும். தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது முடிய வேண்டும், தண்ணீரை எப்போது கட்டுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். "ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் திறப்போம்" என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியாது. விதை நெல்லை ஊறப்போடுகிறவனுக்கு நாள் வேண்டும்.

2021 ஜனவரியில் கனடா மக்களுக்கும் நாள்தான் வேண்டியிருந்தது. கொரோனாத் தடுப்பூசியைத் தயாரித்த பைசர் நிறுவனம், பெல்ஜியத்தில் உள்ள தொழிற்சாலையை விரிவாக்கப் போவதாகச் சொல்லி விநியோகத்தைக் குறைத்தது. ஒரு வாரம் கனடாவுக்கு பைசர் ஊசி ஒன்றுகூட வரவில்லை. எதிர்க்கட்சிகள் கொதித்தன. அப்போது வெளியே வந்த விடயம் இது: ஒப்பந்தங்களில் வாரக் கணக்கு கிடையாது, காலாண்டுக் கணக்குத்தான். மார்ச் முடிவுக்குள் இத்தனை என்று இருந்ததே தவிர, எந்தக் கிழமை எத்தனை என்று இல்லை.

அந்த ஒப்பந்தங்களுக்குப் பொறுப்பாக நின்றவர் பெறுகை அமைச்சர் அனிதா ஆனந்த். அரசியலுக்கு வந்து ஒன்றரை வருடமும் ஆகவில்லை. அதற்கு முன் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். முதலீட்டாளர் பாதுகாப்பும் நிறுவன ஆளுகையும் அவருடைய துறை. கம்பனிகள் எதையும் ஒளிக்கக் கூடாது, பணம் போடுகிறவனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று ஆய்ந்து எழுதும் துறை அது. அப்படிப்பட்டவர் பாராளுமன்றத்தில் எழுந்து, ஒப்பந்தங்களை வெளியிட முடியாது, இரகசியக் காப்பு நிபந்தனை இருக்கிறது என்று சொல்ல வேண்டி வந்தது. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகச் சுவையான இடம் இதுதான்.

நியாயமாகப் பார்த்தால் அவர் கையில் பேரம் பேசப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கனடா அப்போது தானே ஊசி செய்யக்கூடிய நிலையில் இல்லை. ஆகவே ஏழு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் எழுதினார். 3 கோடியே 80 இலட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 40 கோடி ஊசி வரை வாங்க வழி செய்திருந்தார். எது பலிக்கும் என்று தெரியாதபோது எல்லா வாய்க்காலிலும் மடை வெட்டி வைப்பது போல. ஏழை நாடுகளுக்கு எஞ்சியது என்ன என்ற கேள்வியும் எழுந்தது. அது தப்பான கேள்வியல்ல. மார்ச் முடிவுக்குள் பைசரும் மொடேர்னாவும் 60 இலட்சம் ஊசி தரவேண்டும் என்று இருந்தது. எல்லா நிறுவனங்களையும் சேர்த்து வந்தது 90 இலட்சத்துக்கும் மேல்.

அனிதா 1967 மே 20 அன்று நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கென்ட்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தமிழ்நாட்டவர், தாய் பஞ்சாப்காரர், இருவரும் மருத்துவர்கள். தந்தை வழிப் பாட்டனார் வி. ஏ. சுந்தரம் இந்திய சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர். பதினெட்டு வயதில் ஒன்டாரியோவுக்கு வந்து குயின்ஸ், ஒக்ஸ்போர்ட், டல்ஹவுசி, ரொறன்ரோ என்று நான்கு பல்கலைக்கழகங்களில் படித்தார். 1994இல் சட்டத்தரணியானார். எங்கள் ஆட்கள் உடனே "எங்கட பிள்ளை" என்று உரிமை கொண்டாடுவார்கள். பாதித் தமிழர், ஈழத்தவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கொண்டாடுவதில் பிழையில்லை.

1985இல் 329 உயிர்களைக் காவு கொண்ட எயார் இந்தியா 182 குண்டுவெடிப்பை விசாரித்த ஆணைக்குழுவுக்காக, பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் வழிகளை ஆராய்ந்து எழுதியவரும் இவர். பதவியிலிருந்த உறுப்பினர் மீண்டும் போட்டியிடாததால் 2019இல் ஓக்வில் தொகுதி காலியாக இருந்தது. முதல் தேர்தலிலேயே வென்றார். அடுத்த மாதமே அமைச்சர். கனடாவின் மத்திய அமைச்சரவையில் முதல் இந்து.

2021 ஒக்டோபரில் பாதுகாப்பு அமைச்சு கைக்கு வந்தது. கிம் காம்ப்பெலுக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த இரண்டாவது பெண். படைக்குள் பாலியல் வன்முறை பற்றிய முறைப்பாடுகள் மேல்மட்ட அதிகாரிகள் வரை போயிருந்த நேரம். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பர் விதந்துரைத்தபடி அந்த வழக்குகளைச் சிவில் பொலிஸிடம் ஒப்படைக்க ஒப்புக்கொண்டார். டிசம்பர் 13 அன்று அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் படைத்தளபதியும் மன்னிப்புக் கேட்டார்.

2023இல் திறைசேரிச் சபைக்கு மாற்றியதைப் பலர் பதவியிறக்கமாகவே பார்த்தார்கள். 2025 ஜனவரியில், பிரதமர் ட்ரூடோ விலகுவதாகச் சொன்ன சில நாளில், இவரும் அரசியல் போதும், வகுப்பறைக்கே போகிறேன் என்றார். மார்ச் முதலாம் திகதி அந்த முடிவை மாற்றிக்கொண்டார். ஏப்ரலில் ஓக்வில் கிழக்கில் வென்று, மே 13 அன்று புதிய பிரதமர் மார்க் கார்னியின் வெளிவிவகார அமைச்சரானார். ஈழத்தமிழரான ஹரி ஆனந்தசங்கரியும், அவரும் சட்டத்தரணிதான், அதே அமைச்சரவையில்.

இங்கே பார்த்தால், இலங்கைத் தமிழர் அரசியலே கறுப்புக் கோட்டுக்காரர்களின் அரசியல். ஜீ. ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம், சம்பந்தன், சுமந்திரன். எல்லோரும் வழக்குப் பேசியவர்கள், எல்லோரும் ஆண்கள். கிழக்கிலிருந்து பாராளுமன்றம் போன தமிழ்ப் பெண்கள் என்று யோசித்தால் இரண்டு பெயர் வரும். 1980இல் பொத்துவிலுக்கு ரங்கநாயகி பத்மநாதன்; சகோதரர் கனகரத்தினம் இறந்த வெற்றிடத்துக்கு வந்தவர். 2004இல் மட்டக்களப்புக்கு தங்கேஸ்வரி கதிராமன். உன்னிச்சை இருக்கும் அதே மண்முனை மேற்கில், கன்னங்குடாவில் பிறந்தவர். சட்டத்தரணி அல்லர், தொல்லியல் படித்தவர். கல்வெட்டையும் பழைய கோயிலையும் தேடி நடந்த பெண், 'மாகோன் வரலாறு', 'குளக்கோட்டன் தரிசனம்' எழுதியவர், 2019இல் மறைந்தார்.

படித்த பெண்கள் குறைவு என்று சொல்ல இப்போது வழியில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஓக்வில்லில் ஒரு தொகுதிக்குள் வாசல் வாசலாக ஏறி இறங்கினால் போதும். இங்கே விருப்பு வாக்குக்காக கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மாவட்டம் முழுக்க ஓட வேண்டும். சொந்தக் கட்சிக்காரனோடும் போட்டி போட வேண்டும். வாகனமும் பணமும் இரவில் கூட்டிப் போக ஆளும் உள்ளவருக்கே அது சரிவரும். 2018 முதல் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாராளுமன்றத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2024 நவம்பரில் மட்டக்களப்பு மாவட்டம் தெரிவுசெய்து அனுப்பிய ஐந்து பேரும் ஆண்கள்.